தீபிகா பல்லிகலும் ஒத்த பரிசும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சொற்பொழிவொன்று ஆற்ற வேண்டுமெனச் செயலாளர் எம்மை வேண்டியபொழுது, வழக்கம்போல் இலக்கியப் பொருள் ஒன்றனையே யாம் எடுத்துக்கொள்வோம் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். இம்மேடையிற் கம்பரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பலமுறை பேசியுள்ளோம். இம்முறை பந்தாடும் பெண்மணி ஒருவரைப் பற்றிப் பேசத் துணிந்தோம். பொருளை அறிவித்தவுடனே நண்பர் ஒருவர், "அவர் நம் குலத்தவரா?" என்று வினவினார். அல்லர். அவர் மலையாளக் கிறித்தவக் குடும்பத்தினர். சென்னையிற் பிறந்து வளர்ந்தவர். நம் குலத்தவரைப் பற்றியே நம் சங்கத்திற் பேசுதல் வேண்டும் என்னும் விதியிருப்பின், கம்பரையும் யாம் தொட்டிருத்தல் இயலாது. அந்நண்பர் இங்கேதான் அமர்ந்திருக்கின்றார், பிழை பொறுப்பாராக.

பந்தாடுதல் தமிழ்ப் பெண்டிர்க்குப் புதிதன்று. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில், வத்தவ காண்டத்திலே, பந்தடி கண்டது என்றொரு பகுதி உண்டு. வாசவதத்தையின் ஆயத்தாரும் பதுமாபதியின் ஆயத்தாரும் எதிரெதிர் நின்று, யார் மிகுதியாகப் பந்தடிப்பர் என்று போட்டியிடுகின்றனர். இன்னார் இத்தனை அடித்தார் என்று புலவர் கணக்கிட்டே சொல்லிச் செல்கின்றார். எண்ணிக்கை ஆயிரக்கணக்கிற் போகின்றது. அஃதாவது, வெறும் பொழுதுபோக்காக அன்றி வெற்றி தோல்வி உடைய போட்டியாகவே மகளிர் பந்தாடியதை அக்காலத்துப் புலவர் கண்டு பாடியிருக்கின்றார். ஆயினும் அப்பகுதி எங்ஙனம் முடிகின்றது? மானனீகை என்பாள் எல்லாரையும் வென்று ஆடுகின்றாள். மறைந்திருந்து நோக்கும் உதயணன் அவள் ஆட்டத்தையா எண்ணுகின்றான்? அவள் அழகில் மயங்கி நிற்கின்றான். நம் இலக்கியங்களிற் பந்தாடும் மகளிரைப் பாடுமிடத்துப் பெரும்பாலும் கண்ணும் இடையும் வளையுமே பேசப்படும். கையின் திறம் அவற்றின் இடையே ஒளிந்து கிடக்கும். இதனைக் குறையெனச் சொல்லுதற்குத் தமிழாசிரியராகிய எமக்கே சிறிது கூச்சமாகத்தான் உள்ளது. எனினும் யாம் பேச வந்த பெண்மணியின் வாழ்வில் இக்குறை மீண்டும் தலைகாட்டுதலின் இதனை முதலிற் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் ஆடும் ஆட்டத்தின் பெயர் ஸ்குவாஷ். சுவர்ப்பந்து என்று தமிழிற் சொல்லுவாருமுளர். இங்கிலாந்தில், கடன் தீர்க்கமாட்டாதார் அடைபட்டுக் கிடந்த சிறையின் மதிற்சுவரிலே பந்தடித்து ஆடிய பழைய ஆட்டமொன்றிலிருந்து இது தோன்றியது. பின்னர் ஹாரோ என்னும் பள்ளியின் மாணவர்களால் உருப்பெற்றது. ஆங்கிலேயரின் படைமுகாம்கள் வாயிலாகவும் கிளப்புகள் வாயிலாகவும் நம் நாட்டிற்கு வந்தது. கடன்காரர் தொடங்கிய ஆட்டம் செல்வர் ஆட்டமாக முடிந்தது ஒரு விந்தையே.

நான்கு சுவர்களுக்குள் இவ்வாட்டம் நிகழும். களத்தின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். டென்னிஸ் ஆட்டத்தில் எதிரி வலைக்கு அப்பால் நிற்பர். இதிலோ இருவரும் ஒரே அறையில், ஒரே முன்சுவரை நோக்கி, ஒருவர் மூச்சு மற்றவர்க்குக் கேட்குமளவில் நின்று மாறி மாறி அடிப்பர். பந்து தரையை இரண்டாம் முறை தொடுமுன் அடித்து, அதனை முன்சுவரிற் படச் செய்தல் வேண்டும். பந்து ரப்பராலாயது, சிறிய எலுமிச்சம்பழத்தின் அளவினது, எடை ஏறத்தாழ 24 கிராம். குளிர்ந்த நிலையில் அது சரியாக எழும்பாது. ஆதலின் ஆட்டம் தொடங்குமுன் இருவரும் அதனை அடித்து அடித்துச் சூடேற்றிக்கொள்வர். முன்சுவரின் அடியில் தகரப் பட்டை ஒன்று உண்டு. பந்து அதிற் பட்டால் ஓசை எழும். அடித்தவர் அப்புள்ளியை இழப்பர். இத்தகரத்தின் உயரத்தைப் பற்றிப் பின்னர் ஒரு செய்தி சொல்ல வேண்டியுள்ளது, நினைவிற் கொள்க.

தீபிகா பல்லிகல் 1991ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். இவர் அன்னையார் சூசன் இட்டிச்செரியா 1976ஆம் ஆண்டு முதலாக இந்திய மகளிர் கிரிக்கெட் அணியில் ஆடியவர். பெண் கிரிக்கெட் ஆடுகின்றாள் என்றால் ஊரார் முகத்தைச் சுளித்த காலம் அது. பணமும் இல்லை, புகழும் இல்லை. அத்தகைய அன்னையின் மகளுக்கு, ஆடுவதற்கு எவருடைய இசைவும் வேண்டும் என்னும் எண்ணமே எழாதிருந்தது வியப்பன்று. சென்னையில் ஸ்குவாஷ் பயிற்சிக் கழகம் ஒன்று எழுந்த காலமும், இவர் சிறுமியாக மட்டையைக் கையில் எடுத்த காலமும் ஒன்றாக அமைந்தன. 2006ஆம் ஆண்டு, தம் பதினைந்தாம் வயதை ஒட்டி, தொழில்முறை ஆட்டத்திற் புகுந்தார். தொழில்முறை என்பதன் பொருளை ஈண்டு விளக்குதல் நலம். ஊர் ஊராக, நாடு நாடாகச் சென்று போட்டிகளில் ஆடி, கிடைக்கும் பரிசுப் பணத்தைக் கொண்டே பயணமும் உணவும் பயிற்சியாளர் கூலியும் நடத்திக்கொள்வது அது. முதற்சுற்றிலே தோற்றால் வந்த வழிச்செலவும் தேறாது. ஆதலின் பரிசுப்பணம் என்பது இவர்கட்கு வெற்றியின் மேல் வைக்கும் பூ அன்று. அடுத்த போட்டிக்குச் செல்லும் சீட்டு.

2011ஆம் ஆண்டு மூன்று பன்னாட்டுப் போட்டிகளில் வென்றார். 2012ஆம் ஆண்டு டிசம்பரில் உலக வரிசையில் பத்தாம் இடத்தை அடைந்தார். முதற் பதின்மருள் இடம்பெற்ற முதல் இந்தியப் பெண் இவரே. அவ்வாண்டே அர்ஜுனா விருதும், 2014இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இவ்வளவு செய்தும் நாளிதழ்களில் இவரைப் பற்றி வந்த கட்டுரைகள் பலவற்றில் ஆட்டத்தினும் அழகே பெரிதாகப் பேசப்பட்டது. 2015இல் கிரிக்கெட் வீரர் தினேஷ் கார்த்திக்கை மணந்த பின்னர், 'கிரிக்கெட் வீரரின் மனைவி' என்னும் அடைமொழியும் சேர்ந்துகொண்டது. உதயணன் இன்னும் மறைந்திருந்துதான் பார்த்துக்கொண்டிருக்கின்றான்.

இனி யாம் பேச வந்த பொருளுக்கு வருவோம். நம் நாட்டிலே ஆண்டுதோறும் தேசிய வாகைக்கான ஸ்குவாஷ் போட்டி நிகழ்கின்றது. ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒரே களம், ஒரே பந்து, ஐந்து ஆட்டங்களுள் மூன்றனை வென்றவர்க்கே வெற்றி என்னும் ஒரே விதி. பரிசுப்பணம் மட்டும் ஒன்றன்று. வென்ற பெண்மணிக்குக் கிடைத்தது, வென்ற ஆடவர்க்குக் கிடைத்ததிற் பாதியினும் குறைவு. தீபிகா இதனைக் காரணமாகக் கூறி, 2012 முதல் 2015 வரை நான்கு ஆண்டுகள் அப்போட்டியில் ஆட மறுத்துவிட்டார். 2015இல் அப்போட்டி கேரளத்தில் நிகழ்ந்தது. பெற்றோரின் நாடு, ஆடுதற்கு ஆசையும் உண்டு. அங்கும் செல்லவில்லை.

இதிலே எமக்கு வியப்பளித்தது யாதெனின், அவர் மறுத்தது பணத்தட்டினால் அன்று என்பதே. வெளிநாட்டுப் போட்டிகளில் அவர் ஈட்டியதை நோக்க, நம் நாட்டுப் போட்டியின் பரிசுத் தொகை பெரிதன்று. தமக்குத் தேவையில்லாத தொகைக்காக அவர் ஏன் நான்கு ஆண்டு ஒதுங்கினார்? அத்தொகை தேவைப்பட்ட பிற பெண்கள் இருந்தனர். வரிசையில் ஐம்பதாவதாகவும் நூறாவதாகவும் நிற்கும் பெண், பரிசு போதாது என்று வீட்டிலிருந்தால், அவள் வரவில்லை என்பதே எவர்க்கும் தெரியாது. பத்தாம் இடத்திலிருப்பவர் வரவில்லை என்றால் நாளிதழ் காரணம் கேட்கும். கேட்கப்படும் இடத்தில் நிற்பவரே பேச வேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

அந்த நான்கு ஆண்டுகளின் நடுவே, 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில், கிளாஸ்கோ நகரத்துக் காமன்வெல்த் விளையாட்டில் நிகழ்ந்ததையும் கேளுங்கள். தீபிகாவும் சென்னையைச் சேர்ந்த ஜோஷ்னா சின்னப்பாவும் இணைந்து மகளிர் இரட்டையர் ஆட்டத்தில் இறுதிச் சுற்றை அடைந்தனர். எதிரே இங்கிலாந்தின் ஜென்னி டன்கால்ப், லாரா மசாரோ. மசாரோ அப்பொழுது உலக வாகையர். நம் பெண்கள் இரண்டு ஆட்டங்களையும் நேராக வென்று பொற்பதக்கம் கொணர்ந்தனர். காமன்வெல்த் விளையாட்டில் ஸ்குவாஷ் ஆட்டத்திற்காக இந்தியா பெற்ற முதற் பதக்கமே அதுதான். நாடு மாலை சூட்டிற்று. அதே நாடு, அதே ஆண்டில், உள்ளூர்ப் போட்டியிற் பெண்ணின் வெற்றிக்கு ஆணின் வெற்றியிற் பாதியும் கொடாதிருந்தது. வெளியூரில் வென்று வந்தால் நம் மகள், உள்ளூரில் வென்றால் அரை ஆள்.

2016ஆம் ஆண்டு பரிசுப்பணம் இருபாலார்க்கும் ஒன்றாக்கப்பட்டது. தீபிகா திரும்பி வந்து ஆடினார்.

இங்கே ஜோஷ்னாவைப் பற்றியும் ஒரு சொல். தீபிகா ஒதுங்கிய ஆண்டுகளிலும் அவர் ஆடினார். இது குறித்து அவரைக் குறை கூறுவாரும் உளர். யாம் அக்கூட்டத்திற் சேரோம். தம் பதினான்காம் வயதில், 2000ஆம் ஆண்டில், முதன்முறை தேசிய வாகை சூடியவர் அவர். புவனேசுவரி குமாரி என்பார் 16 முறை வாகை சூடியிருந்தார். ஜோஷ்னா 2019இல் 17ஆம் முறை வென்று அதனைக் கடந்தார். களத்தில் நின்று கணக்கை உயர்த்துவதும் ஒரு வழி. களத்திற்கு வெளியே நின்று கணக்கைக் கேட்பதும் ஒரு வழி. ஒதுங்கியதால் தீபிகா இழந்த ஆண்டுகள் இழந்தனவே, அவை திரும்பா. பரிசு ஒத்த பின்னர் அதன் பயன் ஜோஷ்னாவிற்கும் சேர்ந்தது, இன்னும் பெயர் வெளிவராத சிறுமியர்க்கும் சேர்ந்தது. இருவர்க்கும் மனக்கசப்பு இருந்திருப்பின் இரட்டையர் ஆட்டத்தில் அங்ஙனம் இணைந்து ஆடியிருத்தல் இயலாது என்பதே எம் கருத்து.

இனித் தகரத்தின் கதை. தொழில்முறைப் போட்டிகளில் ஆடவர்க்குத் தகரப் பட்டையின் உயரம் 17 அங்குலமாகவும், மகளிர்க்கு 19 அங்குலமாகவும் இருந்து வந்தது. தகரம் தாழ்ந்திருந்தால் பந்தை முன்சுவரின் அடியோரத்தில் மெல்ல வீழ்த்தலாம்; எதிரி இன்னும் விரைந்து, இன்னும் குனிந்து எடுத்தாக வேண்டும்; கால்களுக்கு வேலை மிகும். மகளிர்க்கு அத்துணை ஆற்றல் இராது என்னும் எண்ணத்தாலோ என்னவோ அந்த இரண்டு அங்குலம் நெடுங்காலம் நின்றது. மகளிர் தொழில்முறைச் சங்கம் 2015இல் ஆடவர் சங்கத்துடன் இணைந்தது. அவ்வாண்டே மகளிர் தகரமும் 17 அங்குலமாகத் தாழ்த்தப்பட்டது. மகளிர் ஆட்டம் நலிந்துபோகவில்லை, முன்னினும் கூர்மையாயிற்று. இதற்கு முன்பே, 2013இல், பிலடெல்பியா நகரில் நிகழ்ந்த அமெரிக்க ஓப்பன் போட்டியில் இருபாலார்க்கும் ஒத்த பரிசு வழங்கப்பட்டது. ஸ்குவாஷ் பெரும்போட்டிகளுள் அதுவே முதன்மை. டென்னிஸ் ஆட்டத்தின் அமெரிக்க ஓப்பனில் 1973ஆம் ஆண்டே இது நிறைவேறிவிட்டது. விம்பிள்டன் 2007 வரை காத்திருந்தது. ஆக, நம் நாட்டுப் பெண் கேட்டது உலகம் அறியாத புதுமையன்று.

"ஆடவர் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் கூடுகின்றது, பணம் தருவோரும் அதற்கே தருகின்றனர், கூடாத கூட்டத்திற்குப் பணம் எங்கிருந்து வரும்?" என்று வணிகம் தெரிந்த நம் பெரியோர் சிலர் வினவக்கூடும். வினா நேர்மையானதே. ஆயின் நம் நாட்டு ஸ்குவாஷ் போட்டிக்கு ஆடவர் ஆட்டத்திற்கும் பெருங்கூட்டம் கூடுவதில்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அங்கே பரிசு நுழைவுச் சீட்டு விற்ற பணமன்று. ஆதரவாளர் கொடுக்கும் தொகை. கொடுப்பவர் மனத்திலே இருந்த அளவுகோல்தான் இரண்டாக இருந்தது.

அளவுகோல் என்றதும் எமக்கு எம் செயலே நினைவிற்கு வருகின்றது. சொல்லாது விடுதல் நேர்மையாகாது. சில ஆண்டுகட்கு முன்னர், மாணவர் விளையாட்டு விழா ஒன்றிற்குப் பரிசுப் பட்டியல் எழுதும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலில் வரும் பையனுக்குக் கோப்பையும் 2,000 ரூபாயும், முதலில் வரும் பெண்ணுக்கு எவர்சில்வர் தூக்கும் 500 ரூபாயும் என்று எழுதினோம். எவரும் எம்மை அங்ஙனம் எழுதப் பணிக்கவில்லை. முந்திய ஆண்டுப் பட்டியலைப் பார்த்து எழுதினோம்; அவ்வளவே. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதலில் வந்தாள். பரிசைப் பெற்றுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கியவள், எம்மிடம் வந்து, "ஐயா, நாங்களும் நூறு மீட்டர்தானே ஓடினோம்?" என்று கேட்டாள். சினமின்றித்தான் கேட்டாள், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினாள் போலிருந்தது. யாம் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர், விடையளித்தே பழகியவர். அன்று, "போய் வா, அம்மா, நேரமாயிற்று" என்றோம். மறு ஆண்டு அவள் பெயர் கொடுக்கவில்லை. காய்ச்சல் என்று அவள் தாயார் கூறினார். யாமும் காய்ச்சல் என்றே நம்பிக்கொண்டோம்.

2015இல் தீபிகா நான்காம் முறை ஆட மறுத்த செய்தியை நாளிதழிற் படித்த அன்று எமக்கு நினைவு வந்தது அக்காய்ச்சல்தான்.

தீபிகாவின் பிற்கால வாழ்வைச் சுருங்கச் சொல்லுவோம். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனியர் ஆட்டத்தில் வெண்கலமும், குழு ஆட்டத்தில் வெள்ளியும் பெற்றார். அதன் பின்னர் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகக் களத்தில் இல்லை. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் இரட்டை ஆண் மக்களைப் பெற்றார். இனி ஆட்டம் முடிந்தது என்றே பலரும் எழுதிவிட்டிருப்பர். மக்கள் பிறந்து ஆறு திங்கள் நிறைவெய்துவதற்குள், 2022 ஏப்ரலில், கிளாஸ்கோவில் நிகழ்ந்த உலக இரட்டையர் போட்டியில் சௌரவ் கோஷலுடன் கலப்பு இரட்டையர் பட்டத்தையும், ஜோஷ்னாவுடன் மகளிர் இரட்டையர் பட்டத்தையும் ஒரே நாளில் வென்றார். இச்செய்தியை யாம் வீட்டில் உரக்கப் படித்தபொழுது, எம் இல்லத்தரசியார், "அந்தக் குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்றார். நாளிதழ் அதனைச் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது அவர்க்கு வாய்த்த நல்வாய்ப்பு. அஃது எல்லாப் பெண்களுக்கும் வாய்ப்பதில்லை என்பதையும் மறைத்தல் கூடாது.

2023 அக்டோபர் 5ஆம் நாள் சீன நாட்டு ஹாங்சோ நகரத்து ஆசிய விளையாட்டிலே, ஹரிந்தர்பால் சந்துவுடன் இணைந்து கலப்பு இரட்டையரிற் பொற்பதக்கம் பெற்றார். எதிர்நின்றோர் மலேசியர். இரண்டு ஆட்டங்களும் 11-10, 11-10 என முடிந்தன. ஒவ்வோர் ஆட்டமும் ஒரே புள்ளியில் முடிவான இறுதிச் சுற்று அது. இரண்டு வயதும் நிறையாத மக்களின் தாய், முப்பத்திரண்டு வயது. அதே திங்களில், 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விளையாட்டில் ஸ்குவாஷ் சேர்க்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பன்முறை வேண்டியும் கிட்டாதிருந்த இடம் அது. தீபிகாவின் தலைமுறையினர்க்கு அது சற்றே காலந்தாழ்ந்து வந்தது. இன்று பள்ளியிற் பயில்வோர்க்குச் சரியான காலத்தில் வந்துள்ளது.

நம் சங்கம் கண்ணாடிச் சுவர்களோடு ஸ்குவாஷ் களம் அமைத்தல் வேண்டும் என்று யாம் கேட்க வரவில்லை. அதற்கு நம் நிதியும் இடம் தராது. நம் ஊரில் அதற்குப் பயிற்சியளிப்பாரும் இல்லை. நம் பெண்கள் ஓடுகின்றனர், கபடி ஆடுகின்றனர், பள்ளி மைதானத்தில் எறிபந்து ஆடுகின்றனர், அவையே போதும். யாம் கேட்பது அதனினும் சிறியது. இவ்வாண்டு நம் சங்கம் வழங்கிய விளையாட்டுப் பரிசுகளின் பட்டியல் இம்மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியுள்ளது. அதில் 'ஆண்கள் பரிசு' என்று ஒரு வரியும் 'பெண்கள் பரிசு' என்று ஒரு வரியும், வேறு வேறு தொகையோடு உள்ளன. நன்கொடை அளித்த பெருமக்கள் மனம் சுருங்கியவர் அல்லர். எம்மைப் போலவே முந்திய ஆண்டுப் பட்டியலைப் பார்த்துத்தான் எழுதியிருப்பர். வரும் ஆண்டிற்கான பட்டியல் செயற்குழுவின் முன் தை மாதத்தில் வரும் என்று அறிகின்றோம். அவ்விரண்டு வரிகளையும் ஒரே தொகையிட்டு ஒரே வரியாக எழுதுதல் வேண்டுமென விண்ணப்பம் ஒன்று எழுதி, முதற் கையொப்பம் யாம் இட்டு, செயலாளரிடம் இன்று காலை கொடுத்துள்ளோம். பெண்களுக்கான தொகையை உயர்த்துவதால் நேரும் கூடுதற் செலவை முதலாண்டில் எம் ஊதியத்திலிருந்து ஈடு செய்வதாகவும் அதிற் குறித்துள்ளோம். விண்ணப்பம் வாயிலருகே மேசைமேல் உள்ளது. கையொப்பமிட விரும்புவோர் உணவிற்குச் செல்லுமுன் இடலாம். எழுதுகோலும் அங்கேயே வைக்கப்பட்டிருக்கின்றது.